மணலுக்குச் சொந்த ஊர் எது?

இந்த எபிசோடில் மணலைப் பத்திப் பேசப் போறேன். போரடிக்கும்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. ஹரப்பா நாகரிகத்து நகரங்கள் ஏன் கைவிடப்பட்டன என்ற வழக்கில் மணல் ஒரு முக்கியமான சாட்சி.

நான் ஆரணிக்காரன். எங்க ஊர்ப் புடவையைப் பார்த்தா எல்லாரும் ஆரணிப் பட்டுன்னு சொல்லிடுவாங்க. ஆனா தறிதான் ஆரணி. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருவது வழக்கம். நெய்த பிறகு இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு இழையாகப் பிரிச்சுப் பார்க்கணும். ஆற்று மணலும் அப்படித்தான். கிடக்கிற இடம் ஒன்று, உடைந்து வந்த பாறை எங்கேயோ.

எங்க ஊர் கமண்டல நாகநதி ஜவ்வாது மலையில் பிறந்து செய்யாற்றில் கலக்கிறது. அந்த மணலுக்கு ஊர் சொல்வது சுலபம். மேலே இருப்பது ஒரே மலைத்தொடர். இமயமலை ஆறுகள் விஷயம் வேற. சட்லெஜ் திபெத்தில் கிளம்பி, பல வயதுப் பாறைகளை அறுத்துக்கொண்டு பஞ்சாபுக்கு இறங்குகிறது. யமுனை வேறு பாறைகள் வழியாக வருகிறது. இமயமலையின் பாரத்தால் அதன் அடிவாரத்து நிலம் தொய்ந்து கிடக்கிறது. அந்தப் பள்ளத்தை இந்த ஆறுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வண்டல் கொட்டி நிரப்பி வருகின்றன. ஆறுகள் அங்கே அடிக்கடி பாதை மாற்றும். எந்த மணலை எந்த ஆறு போட்டது? கேள்வி அதுதான்.

பதில் சொல்லும் கனிமம் ஜிர்கான். நம்ம மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இது இருக்கு. பாறைக்குழம்பு ஆறும்போது உருவாகும் இந்தப் படிகம் கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே விடும். ஈயத்தை கிட்டத்தட்ட விடவே விடாது. ஆகவே இன்றைக்கு உள்ளே இருக்கும் ஈயம், யுரேனியம் சிதைந்து உண்டானது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235 குறைய சுமார் 70 கோடி ஆண்டு. ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரம்! இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் நம்பலாம். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் 440 கோடி ஆண்டு பழைய ஜிர்கான் கிடைத்திருக்கிறது. அவ்வளவு கெட்டி அது.

சோதனைச் சாலையில் முதல் வேலை, முறத்தில் புடைக்கிற மாதிரிதான். ஜிர்கான் சாதாரண மணலைவிடக் கனம். அதனால் அடர்த்தியான திரவத்தில் போட்டால் மூழ்கிவிடும். பிறகு ஒவ்வொரு மணியிலும் லேசரால் தலைமுடியைவிடச் சின்னக் குழி போட்டு, வரும் தூளை நிறமாலைக் கருவியில் அளப்பார்கள். எத்தனை மணி போதும்? பீட்டர் வெர்மீஷ் 2004-ல் கணக்குப் போட்டுச் சொன்னது 117. அவ்வளவு அளந்தால், மணலில் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கும் எந்த வயதுக் கூட்டமும் விட்டுப்போகவில்லை என்று 95 சதவீதம் உறுதியாகச் சொல்லலாம். டெஸ்ட் கேஸ் எத்தனை எழுதணும்னு தினம் சண்டை போடுறவன் நான். இந்த எண்ணைப் பார்த்ததும் பொறாமையா இருந்தது.

ஒரு எச்சரிக்கை. ஜிர்கான் சொல்வது பாறை பிறந்த தேதி. அந்த மணல் ஆற்றில் வந்து படிந்த தேதி அதுக்குத் தெரியாது. ஃபைலில் கிரியேட்டட் டேட் மட்டும் பார்த்து, பென்டிரைவில் எப்போ காப்பி பண்ணினாங்கன்னு சொல்ல முடியாதில்லையா? படிந்த தேதிக்கு வேறொரு முறை இருக்கு. மணல்மணி கடைசியாக எப்போது வெயில் பட்டது என்பதை, அதில் சேர்ந்திருக்கும் கதிரியக்க ஆற்றலை வைத்துக் கணக்கிடுவார்கள்.

இந்த இரண்டும் சேர்ந்தபோதுதான் கதை சூடு பிடித்தது. ராஜஸ்தானில் கக்கர் ஆற்றோரம் இருக்கும் காளிபங்கன், ஹரப்பா நாகரிகத்து ஊர். கக்கர் இப்போது மழைக்காலத்து ஆறு. ஆனால் செயற்கைக்கோள் படத்தில் அதன் பழைய தடம் ரொம்ப அகலம். அங்கே ஒரு பெரிய இமயமலை ஆறு ஓடியது, அது வற்றியதும் ஊர்கள் வெறிச்சோடின என்பது பலரும் நம்பிய கதை.

ஐஐடி கான்பூரின் ராஜீவ் சின்ஹா, லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சஞ்சீவ் குப்தா உள்ளிட்ட குழு அங்கே ஆழமாகத் துளையிட்டு மணல் எடுத்தது. 2017-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் முடிவு வந்தது. ஜிர்கானையும் மைக்காவையும் வைத்துப் பார்த்தால் அந்த மணல் சட்லெஜுடையது. ஆனால் சட்லெஜ் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தடத்தை விட்டுப் போய்விட்டது. நகரங்கள் செழித்ததோ சுமார் 4,600 முதல் 3,900 ஆண்டுகளுக்கு முன்பு. அதாவது பெரிய ஆறு காலி செய்துவிட்டுப் போன பள்ளத்தில், மழைத் தண்ணீரை நம்பித்தான் ஊர் வளர்ந்திருக்கிறது. வெள்ளத்தில் அடித்துப் போகும் பயம் குறைவு. பெரிய ஆறு பக்கத்தில் இருந்தால்தான் நகரம் வரும்னு ஸ்கூல்ல படிச்சது இங்கே ஆட்டம் காணுது. எனக்கு இந்த விளக்கம் பிடிச்சிருக்கு.

ஆனா வழக்கு முடியல. 2019-ல் அனிர்பன் சாட்டர்ஜி, ஜ்யோதிரஞ்சன் ரே உள்ளிட்டோர் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் எழுதிய கட்டுரை வேற கணக்குச் சொன்னது. அவர்கள் அளந்தது மைக்காவின் வயதையும், மணலில் உள்ள ஸ்ட்ரான்சியம், நியோடைமியம் ஐசோடோப்புகளையும். அவர்கள் கணக்குப்படி சுமார் 9,000 முதல் 4,500 ஆண்டுகளுக்கு முன்பு வரை கக்கரில் வற்றாத தண்ணீர் ஓடியிருக்கிறது. சட்லெஜின் கிளைகள் அதற்குத் தண்ணீர் கொடுத்திருக்கலாம். மணல் சட்லெஜ் பக்கத்து மணல் என்பதில் பெரிய தகராறு இல்லை. எப்போது நின்றது என்பதில்தான் சில ஆயிரம் ஆண்டு வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்குள்ளதான் மொத்த நகரமும் உட்கார்ந்திருக்கு.