பேண்டுத் தேர்வுக்குக் கிளாரிநெட்

இந்திய விமானப்படையின் அக்னிவீர்வாயு இசைக்கலைஞர் தேர்வில் ஏற்கப்படும் கருவிகளுள் கிளாரிநெட்டும் ஒன்று. தேர்வுக்கு வருபவர் தாம் தயாரித்த மெட்டை வாசிக்க வேண்டும். கருவியைச் சுருதி சேர்க்கவும், பிறர் எழுப்பும் ஸ்வரத்தைக் கேட்டு இனம்காணவும் தெரிந்திருக்க வேண்டும். திண்டுக்கல் மாவட்டக் குஜிலியம்பாறைப் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்களில் பேண்டு செட்டோடு ஊதிய இளைஞருக்குக் காதும் மூச்சும் முன்பே பழகியிருக்கும். துல்லியம்தான் புதிதாகச் சேர வேண்டியது.

தமிழகத்துக்கு இந்தக் கருவி புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே சதிர் நாட்டியக் கச்சேரியில் முகவீணை என்ற ஊதுகருவியின் இடத்தைப் பிடித்தது. பின்னாளில் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக்கச்சேரி மேடைக்கு உயர்த்தினார். 2008இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவர் வாசிப்பின் உயிர் கமகம் என்னும் ஸ்வரக் குழைவு. அணிவகுப்பு மெட்டுக்கோ குழைவு ஆகாது. பல கிளாரிநெட்டுகள் ஒன்றாக ஒலிக்கையில் ஒருவர் ஸ்வரத்தை வளைத்தாலும் மொத்தமும் கலங்கிவிடும்.

கடினமான இடம் கருவியின் நடுவில் இருக்கிறது. நாகசுரத்தில் மூச்சை அழுத்தினால் அதே விரல்நிலையில் மேல் ஸ்தாயி ஸ்வரம் கிடைக்கும். கிளாரிநெட்டின் குழல் உருளை வடிவம். ஒரு முனையை ரீடு மூடிவிடுகிறது. அதனால் 'ச' வாசிக்கும் விரல்நிலையில் ஸ்தாயிச் சாவியை அழுத்தினால் மேல் 'ச' வராது. அதையும் தாண்டிய 'ப' ஒலிக்கும். கீழ், மேல் என்ற இரண்டு ஸ்தாயிப் பகுதிகளும் சேரும் இடத்தில், துளைகள் எல்லாம் திறந்திருக்கும் நிலையிலிருந்து ஒரே நொடியில் அனைத்தையும் மூட வேண்டும். ஒரு விரல் பிந்தினாலும் ஒலி கீச்சிடும். வலக்கை விரல்களை முன்கூட்டியே துளைகளின் மேல் வைத்துக்கொள்வது நல்ல வழி; இந்த இணைப்புக்குச் சற்றுக் கீழே உள்ள தொண்டைப் பகுதி ஸ்வரங்கள் அதனால் அதிகம் மாறுவதில்லை. இணைப்பைச் சுற்றியுள்ள நான்கைந்து ஸ்வரங்களை மட்டும் மெட்ரோனோம் வைத்துப் பாதி வேகத்தில் வாசித்து, பிசிறில்லாமல் வந்த பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். முழு மெட்டையும் திரும்பத் திரும்ப வேகமாக ஊதினால் பிழைதான் விரலில் படியும்.

நாக்கால் ரீடைத் தொட்டு ஸ்வரங்களைப் பிரிக்கும் வேலை நாகசுரக்காரரின் துத்துகாரத்துக்கு நெருங்கியது. காற்று நிற்காமல் ஓட, நாக்கு நுனி மட்டுமே அசைய வேண்டும்.

சுருதியில் ஒரு விசித்திரம் உண்டு: உரக்க ஊதினால் கிளாரிநெட்டின் சுருதி இறங்கும், மெல்ல ஊதினால் ஏறும். அதனால் ஒரே ஸ்வரத்தை மெல்லத் தொடங்கி வலுப்படுத்தி மறுபடி தணித்து, சுருதிப்பெட்டியோடு ஒப்பிட்டுப் பழக வேண்டும். வெயிலில் கருவி சூடேறினாலும் சுருதி கூடும். ஊதுமுனைக்கு அடுத்த குட்டைக் குழாயைச் சற்றே வெளியே இழுத்தால் சரியாகும்.

வறண்ட காற்றில் ரீடு சீக்கிரம் காய்ந்து நெளியும். தேர்வுக்குப் புது ரீடோடு போகாமல், முன்பே ஊதிப் பழகிய இரண்டு மூன்றை மூடிய டப்பாவில் கொண்டுபோய், முறை வருவதற்குச் சற்று முன் ஒன்றை வாயில் நனைத்துப் பொருத்துவது நல்லது.