கைநழுவும் நட்சத்திரத்தை எப்போது விற்பது?

2025 ஜூன் 22 அன்று அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் இண்டியானா பேசர்ஸை வீழ்த்தி ஓக்லஹோமா சிட்டி தண்டர் கோப்பை வென்றது. இரண்டு அணிகளும் அந்த இடத்துக்கு வந்ததில் பால் ஜார்ஜுக்குப் பெரும் பங்கு உண்டு. அவரோ இரண்டிலும் இல்லை.

2017இல் ஜார்ஜ் பேசர்ஸின் நட்சத்திரம். அடுத்த ஆண்டு ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டுப் போய்விடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம். பழைய அணிக்குக் காலணாகூடக் கிடைக்காது. இதைத்தான் ஃப்ரீ ஏஜென்சி என்கிறார்கள்.

‘போனால் போகட்டும், மிச்சமாகும் சம்பளத்தில் இன்னொருவரைப் பிடிக்கலாமே’ என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். என்பிஏவில் ஒவ்வோர் அணிக்கும் ஊதிய வரம்பு உண்டு. சொந்த வீரரைத் தக்கவைக்க அந்த வரம்பைத் தாண்ட விதி இடம் தருகிறது. அவர் போய்விட்டால் அந்தச் சலுகையும் போய்விடும். மற்றவர்களின் சம்பளமே வரம்பைத் தொட்டுவிட்ட அணியால் அவருக்கு நிகரான ஒருவரை வெளியிலிருந்து எடுக்க முடியாது. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே வேறு அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு வீரர்களையோ, புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வாய்ப்புகளையோ வாங்குவதே வழி.

பேசர்ஸ் அதைத்தான் செய்தது. ஜார்ஜைத் தண்டருக்குக் கொடுத்து விக்டர் ஒலடிபோ, டொமான்டஸ் சபோனிஸ் இருவரையும் பெற்றது. அடிமாட்டு விலை என்று அன்று பலரும் கேலி செய்தார்கள். ஒலடிபோ மறு பருவமே ‘மிகவும் முன்னேறிய வீரர்’ விருது வாங்கினார். சபோனிஸை 2022இல் சாக்ரமென்டோவுக்கு அனுப்பியபோது கிடைத்தவர் டைரீஸ் ஹாலிபர்டன். பேசர்ஸை 2025 இறுதிக்கு இழுத்துச் சென்றவர் அவர்தான்.

தண்டரிடம் 2018இல் புது ஒப்பந்தம் போட்ட ஜார்ஜ், மறு ஆண்டே வெளியேறக் கேட்டார். ஒப்பந்தத்தில் ஆண்டுகள் மிச்சம் இருந்ததால் இம்முறை விலை எகிறியது. ஷை கில்ஜஸ் அலெக்ஸாண்டர், டனிலோ கலினாரி, ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள், போதாததற்கு டிராஃப்ட் வாய்ப்பை இடமாற்றிக்கொள்ளும் இரண்டு உரிமைகள் என்று ஜார்ஜை வாங்கிய கிளிப்பர்ஸ் அணி அள்ளிக் கொடுத்தது. அந்த வாய்ப்புகளில் ஒன்றில் வந்தவர் 2025 கோப்பை அணியின் ஜேலன் வில்லியம்ஸ். ஷை 2025இல் பருவத்தின் சிறந்த வீரர், இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் இரண்டும் ஆனார்.

அப்படியானால் எப்போதும் முந்தி விற்பதே புத்திசாலித்தனமா? இல்லை. இதே தண்டர் 2016இல் கெவின் டுரான்டை விற்காமல் வைத்திருந்து, கோல்டன் ஸ்டேட்டிடம் சும்மா இழந்தது. ஆனால் அந்தப் பருவத்தில் அது 73 ஆட்டம் வென்ற அதே கோல்டன் ஸ்டேட்டை மேற்குப் பிரிவு இறுதியில் 3–1 என்று நெருக்கியிருந்தது. அடுத்த மூன்றையும் தோற்றது வேறு கதை. கோப்பைக்கு அவ்வளவு அருகில் நிற்கும் அணி தன் தலைசிறந்த வீரரைப் பருவத்தின் நடுவே விற்றிருந்தால் அதுதான் பைத்தியக்காரத்தனம். டொராண்டோ ஒருபடி மேலே போய், ஓராண்டில் விலகக்கூடிய கவாய் லெனர்டுக்காகத் தன் செல்ல நட்சத்திரம் டிமார் டிரோசனையே கொடுத்தது. 2019இல் முதல் கோப்பையை வென்றது. லெனர்ட் உடனே கிளம்பிவிட்டார். அதை நஷ்டம் என்று எப்படிச் சொல்வது?

எனவே ‘அவர் போவாரா?’ என்பதைவிட ‘இந்த ஆண்டு நம்மால் ஜெயிக்க முடியுமா?’ என்பதே சரியான கேள்வி. 2017 பேசர்ஸ் முதல் சுற்றில் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் வெளியேறிய அணி. காத்திருக்க அதற்குக் காரணமே இல்லை. முடியாத அணி விற்க வேண்டும், அதுவும் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுக்கு முன்பே.

கிளிப்பர்ஸ் விற்கவில்லை. 2024இல் ஜார்ஜ் பிலடெல்பியாவுக்குப் போனார். கைக்கு ஒன்றும் வரவில்லை. 2019இல் அது தண்டருக்கு எழுதிக்கொடுத்தவற்றில் 2026 டிராஃப்டின் முதல் சுற்று வாய்ப்பும் அடக்கம்.