முகமும் மலரும்

ஓர் உருவப்படத்தைக் கண்டதும், அச்சொட்டாக அவரைப் போலவே இருக்கின்றதா என்று வினவுவது மக்கள் இயல்பு. ஒப்புமை உருவப்படத்தின் ஒரு பண்பேயன்றி முழுப்பண்பன்று. எழுதப்பட்டவரின் அகத்தை உணர்த்துவதே அதன் உயர்ந்த பணி. அதனை முகம் மட்டும் செய்வதில்லை. அமர்ந்திருக்கும் நிலை, நிறம், அருகிலுள்ள பொருள் ஆகிய யாவும் சேர்ந்தே செய்கின்றன. வின்சென்ட் வான் கோ 1890 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் எழுதிய வைத்தியர் கஷேயின் படம் இதற்குத் தக்க சான்று.

உளநோயால் வருந்திய வான் கோ, பாரிஸ் நகருக்கு வடக்கேயுள்ள ஓவேர் என்னும் கிராமத்தில் இவ்வைத்தியரின் கண்காணிப்பில் வாழ்ந்தார். படத்தில் வைத்தியர் செந்நிற மேசைமேல் முழங்கையை ஊன்றிக் கன்னத்தைக் கையிலே தாங்கியிருக்கிறார். இந்நிலை ஐரோப்பிய மரபில் துயரச் சிந்தனையின் அடையாளம். 1514 இல் ஜெர்மானியக் கலைஞர் டியூரர் மனத்துயரைப் பெண்ணுருவாக்கிச் செப்புத் தகட்டிற் செதுக்கியபோதும் இவ்வாறே அமர்த்தினார். கஷேயின் மேலங்கியும் நீலம், பின்னணியும் நீலம். அந்நீலத்தினிடையே வெளிறிய முகம் தனித்து நிற்கிறது.

மேசைமேல் இரு மஞ்சள் நூல்களும், டிஜிட்டாலிஸ் செடியின் ஊதாப் பூக்களும் உள்ளன. இருதய நோய்க்கு மருந்து தரும் அச்செடி, அளவு மிஞ்சின் நஞ்சாகும். மலரைத் தனியே நோக்கினால் இவர் வைத்தியர் என்பது மட்டுமே புலப்படும். முகத்தைத் தனியே நோக்கினாற் சோர்வு மட்டுமே புலப்படும். இரண்டையும் இணைத்து நோக்கும்போதோ, பிறர் நோய் தீர்ப்பவர் தம் துயர் தீர்க்கமாட்டாது இருக்கும் நிலை தெளிவாகிறது. கஷே 1858 இல் மனத்துயர் நோய் பற்றியே ஆய்வுரை எழுதியவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பாரிஸ் ஓர்சே நூதனசாலையிலுள்ள இரண்டாம் படத்தில் நூல்கள் இல்லை, மலர் இருக்கிறது. எது இன்றியமையாதது என்பதை இது காட்டுகிறது.

இரு மாதம் கழியுமுன், யூலை 29 இல், ஓவியர் மறைந்தார். அதனை அறிந்தோர் இப்படத்தை அவரது மரணத்தின் முன்னறிவிப்பாகக் கொள்ள விழைவர். அது பொருந்தாது. தம் காலத்து மாந்தரின் வாட்டத்தை ஒரு முகத்திற் காட்டுவதே தம் கருத்தென அவரே எழுதியுள்ளார். படம் சொல்வதைக் கேட்பதைப் போலவே, அது சொல்லாததை அதன்மேல் ஏற்றாதிருப்பதும் கலை நுகர்வோரின் கடனாகும்.