பானை, வில், உடுக்கை... நெல்லை வில்லுப்பாட்டை ஊரறிய வைத்த சுப்பு ஆறுமுகம் யார்?

கிட்டார், டிரம்ஸோடு நாலைந்து பேர் மேடை ஏறினால் 'பேண்ட்' என்கிறோம். நெல்லைச் சீமையில் அதற்கு ரொம்ப முன்னாடியே ஒரு பேண்ட் இருக்கு. அதுதான் வில்லுப்பாட்டுக் குழு.

குழுவில் யார் யார்?

நடுவில் உட்கார்ந்து கதை சொல்லிப் பாடுபவர் புலவர். மணிகள் கட்டிய பெரிய வில்லின் நாணை இரண்டு வீசுகோல்களால் அடிப்பார். வில் சாய்ந்திருப்பது ஒரு மண்பானை மீது. அதன் வாயைப் 'பத்தி'யால் அடித்துத் தாளம் எழுப்ப ஒருவர். உடுக்கை, ஜால்ரா, கட்டைக்குத் தனித்தனி ஆட்கள். புலவர் ஒரு வரி சொன்னதும் 'ஆமா' போட்டுக் கதையை நகர்த்துவதும் இவங்கதான்.

வெறும் பொழுதுபோக்கா?

இல்லை. சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில் கொடைகளில் இது வழிபாட்டின் பகுதி. சாமியின் கதை உச்சத்துக்குப் போகும்போது தாளம் வேகமெடுக்கும், சாமியாடிக்கு அருள் வரும். தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் பாபநாசம் பகுதியின் முத்துப்பட்டன் கதையும் இப்படித்தான் பாடப்படுகிறது. சாதியை மீறி பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, மாடு திருட வந்தவர்களோடு மோதி இறந்தவர் முத்துப்பட்டன்.

சுப்பு ஆறுமுகம் என்ன செய்தார்?

1928-ல் நெல்லை அருகே சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இவரைச் சென்னைக்கு அழைத்து வந்தார். சினிமாவுக்கு நகைச்சுவை எழுதியவர், சொந்தக் குழுவோடு வில்லை மேடைக்கும் வானொலிக்கும் டிவிக்கும் கொண்டு போனார். சாமி கதைகளோடு காந்தி கதையும் நாட்டு நடப்பும் வில்லில் ஏறின. 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2022 அக்டோபர் 10-ல் காலமானார். மகள் பாரதி திருமகனும் வில்லுப்பாட்டுக் கலைஞர்தான்.

இனி என்ன?

மேடையில் ஓரிரு மணி நேரத்தில் கதை முடியும். கொடையில் ராத்திரி நீளும். குழுவோடு உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் இதைப் படிக்க முடியும். கொடை மாதங்களை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கஷ்டம் என்பதால், புதுசா வருகிற பையன்கள் நிலைப்பது சிரமம்.

போஸ்டரில் பெரும்பாலும் புலவர் பெயர்தான் பெரிதாக இருக்கும். ஆனால் குடம் அடிக்க ஆள் இல்லைன்னா அவரும் பாட முடியாது. அடுத்த கொடைக்குப் போனால், அந்தப் பானைக்காரரையும் கொஞ்ச நேரம் கவனிங்க.