ஆறில்லா ஊரிலிருந்து மலைநாட்டுக்குச் சைக்கிளில்

மலை என்னும் சொல்லைப் பெயரில் தாங்கிய ஊர் ஒன்று நம் குடாநாட்டில் உண்டு. அது கீரிமலை. அங்கே சென்று மலையைத் தேடுவோர் கடலையும் கேணியையுமே காண்பர். ஆறு என்னும் பெயரும் நம்மிடம் இல்லாமலில்லை. தொண்டைமானாறு என்பது கடல்நீரேரியின் வாய். வழுக்கையாறோ மாரியில் ஓடிக் கோடையில் மாடு மேயும் தரவையாகிவிடும். நம் நிலத்தின் அடியிலே இருப்பது சுண்ணக்கல். பெய்த மழையின் பெரும்பகுதி மேலே ஓடாது கீழே இறங்கி நம் கிணறுகளுக்குப் போய்விடுகின்றது. உயர்ந்த மேடும் பத்துப் பதினைந்து மீற்றரைத் தாண்டாத இந்நிலத்தில் சைக்கிள் ஓடப் பழகிய ஒருவர், மலைகளையும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளையும் காண அச்சைக்கிளிலேயே புறப்படுவாராயின் எவற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

சைக்கிளைப் பற்றி யாழ்ப்பாணத்தவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். எரிபொருள் கிட்டாத 1990களில் விறகும் நெல்லும் நோயாளியும் மணப்பெண்ணும் அதன்மீதே சென்றனர். சில்லைக் கையால் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தால் வானொலி கேட்டவர் பலர் இன்றைய நேயர்களுள்ளும் இருப்பர். ஆயினும் அந்தச் சைக்கிள் தெற்கே போக வழியிருக்கவில்லை. கண்டி வீதி 2002ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டு, 2006இல் மீண்டும் மூடப்பட்டு, 2009இன் பின்னரே நிலையாகத் திறந்தது. மலையொன்றைக் கண்ணால் காணாமலே சமவுயரக் கோடுகளைக் கரும்பலகையில் வரைந்து படிப்பித்த ஆசிரியர் பலருள் யானும் ஒருவன். முப்பது வயது கடந்த பின்னரே, மாத்தளைக்கு இப்பால், அக்கோடுகள் எவற்றைக் குறித்தன என்று கண்டேன். இன்றைய மாணவர்க்கு அத்தடை இல்லை. அவர்கள் போதல் வேண்டும் என்பது என் விருப்பம். போய்ச் சேமமாகத் திரும்புதல் வேண்டும் என்பது அதனினும் பெரிய விருப்பம்.

நமக்கு மலை இல்லையென்றாலும் காற்று உண்டு. ஆடி மாதத்துச் சோளகத்தை எதிர்த்துப் பண்ணைத் தாம்போதியில் ஊர்காவற்றுறைப் பக்கமாக ஓடியவர்க்கு அதன் கடுமையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் காற்றும் ஏற்றமும் ஒரே வகையான எதிரிகள் அல்ல. காற்றின் எதிர்ப்பு நம் வேகத்தைப் பொறுத்தது. வேகத்தைத் தணித்தால் எதிர்ப்பும் தணியும். மலையின் எதிர்ப்போ நம் பாரத்தைப் பொறுத்தது. ஆளும் சைக்கிளும் மூட்டையுமாகத் தொண்ணூறு கிலோ என்று கொள்வோம். இருபது மீற்றர் ஓட ஒரு மீற்றர் உயரும் வீதியிலே, நாலரைக் கிலோப் பாரத்தைக் கயிற்றில் கட்டிப் பின்னாலிருந்து ஒருவர் ஓயாது இழுப்பது போன்ற நிலை அது. மெதுவாகப் போனாலும் விரைவாகப் போனாலும் அந்த இழுவை ஒன்றே. மெதுவாகப் போவதன் இலாபம், அதே வேலையை நெடுநேரத்துக்குப் பங்கிட்டுக் கொள்வதுதான். ஆகவே மலையேறும் கலை என்பது விழுந்துவிடாமல் மெதுவாகப் போகும் கலையாகும்.

இங்கேதான் நம் பழைய றலிச் சைக்கிள் இடர்ப்படுகின்றது. அதில் மிதியை ஒருமுறை சுற்றினால் ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் முன்னே செல்வோம். சமநிலத்துக்கு அது மிகப் பொருத்தம். ஏற்றத்திலோ முழு உடலையும் மிதிமேல் நிறுத்தினாலும் சில்லு அசையாது. மலைக்கென அமைந்த சைக்கிளில், முன்னே சிறிய பல்லுச்சில்லும் பின்னே பெரியதுமாகச் சங்கிலியை மாற்றி, ஒரு சுற்றுக்கு இரண்டு மீற்றருக்கும் குறைவாகவே செல்ல முடியும். காலின் உழைப்பு ஏறக்குறைய மூன்றிலொன்றாகிவிடும்.

இவ்வமைப்பைப் பிரான்சு நாட்டிலே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வற்புறுத்தியவர், வெலோசியோ என்னும் புனைபெயரில் எழுதிய போல் டி விவி என்பவர். 1853இல் பிறந்து 1930இல் மறைந்தவர். பந்தய வீரர்களோ அதை இகழ்ந்தனர். பிரான்சைச் சுற்றிவரும் புகழ்பெற்ற பந்தயத்தை 1903இல் தொடக்கிய ஆன்றி தெகிராஞ்சு என்பவர், பல்லு மாற்றும் வசதி நாற்பத்தைந்து வயது கடந்தோர்க்கே உரியது என்னும் பொருளில் எழுதினார். அவருடைய பந்தயத்தில் அவ்வமைப்பு அனுமதிக்கப்பட்டது 1937இல்தான். எனக்கோ அவர் விதித்த வயது எப்போதோ கடந்துவிட்டபடியால் மனக்கூச்சமின்றி அதனைப் பயன்படுத்துகின்றேன். அவ்வசதி இல்லாதோர் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். அதில் இழிவு யாதும் இல்லை. நெஞ்சு படபடக்க மிதிப்பதே மடமை.

இனி வழியைப் பற்றிக் கூறுவேன். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி ஏறக்குறைய 320 கிலோமீற்றர். ஆனையிறவைக் கடந்து, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, மாங்குளம், வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை எனச் செல்லும் இவ்வழியின் பெரும்பகுதி மிக மெல்லிய ஏற்றமே. தம்புள்ளைக்கு அப்பாலிருந்துதான் கிலோமீற்றர்க் கற்களை எண்ணுவதை விட்டு ஆறுகளை எண்ணப் பழகுதல் வேண்டும். நம்மவர்க்குப் புதிதான பாடம் இது.

ஆறு தாழ்வைத் தேடி ஓடுவது. ஆற்றோடு கூடச் செல்லும் வீதி, அது மேலே போனாலும் கீழே போனாலும், பெரும்பாலும் மெல்லென்றே செல்லும். ஓர் ஆற்றின் பள்ளத்தாக்கை விட்டு மற்றோர் ஆற்றின் பள்ளத்தாக்குக்குப் போகும் வீதியோ நடுவிலே நிற்கும் மேட்டைக் கடந்தே ஆகவேண்டும். அம்மேட்டின் ஒருபக்கத்து மழைநீர் ஓர் ஆற்றுக்கும் மறுபக்கத்து நீர் மற்றதற்கும் போவதனால் அதனை நீர்ப்பிரிமேடு என்பர். ஒருநாட் பயணத்தின் கடுமை எத்தனை கிலோமீற்றர் என்பதில் அன்று. எத்தனை நீர்ப்பிரிமேடுகள் என்பதில் உள்ளது. ஐரோப்பாவில் பாசோ நகரிலிருந்து வியன்னா வரை டான்யூப் நதிக்கரையோடு முதியோரும் சிறுவரும் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் சைக்கிளிற் செல்கின்றனர் என்றால், அது நதியின் கருணை.

மாத்தளையிலிருந்து கண்டிக்குத் தூரம் சிறிது. ஆயினும் மாத்தளையில் ஓடும் சுது கங்கை வடக்கு நோக்கிச் சென்று அம்பன் கங்கையிற் சேர்வது. கண்டியோ மேல் மகாவலியின் கரை. இவற்றைப் பிரிக்கும் மேட்டைப் பலகடுவையில் வளைந்து வளைந்து கடக்கின்றோம். முந்நூறு கிலோமீற்றர் வந்த கால்கள் முதன்முதல் முறையிடும் இடம் அதுவே. பின் கட்டுகாஸ்தோட்டையில் மகாவலியைக் காண்போம். கண்டியிலிருந்து பேராதனை, கம்பளை வரை அவ்வாற்றோடு செல்லும் வழி ஓய்வு நாள் போன்றது.

கம்பளையிலே வீதி ஆற்றைக் கைவிடுகின்றது. அங்கிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்குள் ஏறக்குறைய 1,400 மீற்றர் உயர்தல் வேண்டும். கீழே 1985இல் நிறைவேறிய கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும். இறம்பொடைக்கு மேலே அருவியின் ஓசையோடு கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். தொண்ணூறு கிலோவை அவ்வளவு உயரம் தூக்க வேண்டிய வேலையைக் கணக்கிட்டால், பன்னிரண்டு இலட்சம் யூல் ஆகும். உடல் தான் எரிப்பதில் நாலில் ஒன்றையோ ஐந்தில் ஒன்றையோதான் வேலையாக்குமாதலால், அன்றாட உணவுக்கு மேலே 1,200 கலோரிக்குக் குறையாத உணவு வேண்டும். பசித்த பின் உண்ணலாம் என்றிருந்தால் கால் நின்றுவிடும். ஒரு பனங்கட்டிக் குட்டானைக் கையோடு வைத்திருந்து, அரைமணிக்கு ஒருதரம் சிறிது வாயிலிடுக. கடைச் சோடாவினும் அது மேல்.

லபுக்கலைத் தேயிலைச் சரிவுகளில் கொழுந்தெடுக்கும் மக்கள் நம்மை நிறுத்தி, எந்த ஊர் என்று தமிழிற் கேட்பர். யாழ்ப்பாணம் என்றால் வியப்பர். கிளிநொச்சி என்றால் சிலர் உறவு விசாரிப்பர். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் அம்மலைகளை விட்டு வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் பல உள அன்றோ. நாம் மூச்சிரைக்க ஒருமுறை ஏறும் சரிவிலே அவர்கள் கூடை சுமந்து நாடோறும் ஏறுகின்றனர்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே விழும் மழை நானு ஓயாவாகிக் கொத்மலை ஓயாவிற் கலந்து, கம்பளைக்கும் கண்டிக்கும் சுற்றிப் போகும். சிறிது தூரத்திலே ஹக்கலைக்கு அப்பால் விழும் மழையோ உமா ஓயாவாகி வேறு திசையிற் போகும். இரண்டும் மகாவலியிலே சந்தித்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிற் கடலைச் சேர்கின்றன. நாம் கடக்கும் மேட்டின் பொருள் இதுதான். அப்பால் வெலிமடை, பண்டாரவளை வழியாக எல்ல வரை ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். அதுபற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

எல்லவிலிருந்து வெல்லவாய வரையுள்ள இறக்கத்தைப் பற்றியே நான் கண்டிப்பாகப் பேச விரும்புகின்றேன். முப்பது கிலோமீற்றருக்குள் 800 மீற்றருக்கு மேல் இறங்கும் வீதி அது. ஏறும்போது நாம் சேர்த்த ஆற்றல் இறங்கும்போது எங்கேயோ போதல் வேண்டும். பிறேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் அதன் பெரும்பகுதி வெப்பமாகச் சில்லின் விளிம்பில் சேரும். நுவரெலியா வரை ஏறிய வேலை முழுவதும் வெப்பமானால், மூன்றரை லீற்றர் குளிர்நீரைக் கொதிக்க வைக்கலாம். எல்ல இறக்கத்தில் அதில் பாதிக்கு மேலுண்டு. அவ்வெப்பத்தில் ரியூப்பின் ஒட்டுகள் கழன்றுவிடும். சிலவேளை ரயரே வெடிக்கும். மழையில் நனைந்த இரும்பு விளிம்பில் றப்பர்க் கட்டை பிடிப்பதே அரிது. சமநிலத்தில் பத்தாண்டு ஓடியும் குறை காட்டாத பிறேக் அங்கே முதல் வளைவிலேயே குறை காட்டும்.

ஆதலால் புறப்படுமுன் றப்பர்க் கட்டைகளையும் கம்பிகளையும் புதிதாக்குக. வளைவுக்குள் போன பின்னர் அன்று, வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணிக்க. முன் பிறேக்கும் பின் பிறேக்கும் சேர்ந்தே தொழிற்படல் வேண்டும். விட்டு விட்டுப் பிடித்தால் விளிம்புக்குக் காற்றுப்படும். வழியிலுள்ள இராவணன் அருவியில் எல்லோரும் படம் எடுக்க நிற்பர். நீங்கள் சில்லு ஆற நில்லுங்கள். விளிம்பிலே ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். அது சீறுமாயின் இன்னும் கால்மணி நேரம் அருவியைப் பார்க்கலாம்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவை நனைக்கும். அப்போது வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் வறண்டிருக்கும். ஆகவே ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊவாவே ஏற்றது. எதிர்க்காற்று மட்டும் பலமாயிருக்கும். ஏப்ரல் விடுமுறையில் காலை தெளிந்து, பிற்பகலில் இடியோடு மழை வரும். விடியுமுன் புறப்பட்டு இரண்டு மணிக்குள் தங்குமிடம் சேர்தல் நன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகளை வானொலியிற் கேட்டே வழியைத் தெரிதல் வேண்டும்.

மார்கழி விடுமுறையில் மலைக்குப் போகாதீர்கள். வடகீழ்ப் பருவமழையும் மண்சரிவும் சேர்ந்து வரும் காலம் அது. அக்காலத்திலேதான் நம் வழுக்கையாறு ஓடும். அளவெட்டியிலிருந்து கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி வழியாக அராலி வரை, வயல் வரம்புக்கும் மதகுக்குமாக மாறி மாறி அதனைத் தொடர்ந்து ஒருநாள் ஓடிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவு எந்தப் பக்கம் இருக்கின்றது என்று அந்த நீர் காட்டும்.