ஓடத் தெரிந்தால் மட்டும் போதாது

புது தில்லி: மாரத்தான் ஓட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருவோர் எத்தியோப்பிய, கென்ய நாட்டு வீரர்கள்தாம். இலக்குக் கோட்டை அவர்கள் கடக்கும் காட்சியே மறுநாள் நாளிதழ்களில் இடம்பெறுகிறது. ஆனால், அவர்களுக்கு முன்பாகவே, பொழுது விடியாத இருளில் ஓடத் தொடங்கி, அவர்கள் பரிசு பெற்றுச் சென்ற பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் பெருங்கூட்டம் ஒன்று உண்டு. வங்கி ஊழியர்கள், ஆசிரியைகள், மருத்துவர்கள், கடை நடத்துவோர், ஓய்வூதியர்கள் எனப் பலரும் அடங்கிய கூட்டம் அது. இவர்களுக்குப் பரிசுத் தொகை இல்லை. ஓட்டத்தை முடித்தால் ஒரு பதக்கமும் சான்றிதழும் மட்டுமே.

மும்பை மாரத்தான் 2004-ல் தொடங்கியது. இப்போது அது ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையன்று நடைபெறுகிறது. 2024 ஜனவரி 21-ல் நடைபெற்ற ஓட்டத்துக்கு, அனைத்துப் பிரிவுகளிலும் சேர்த்து 59 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருந்தனர். முழுத் தொலைவான 42.195 கி.மீ. ஓடியவர்களில், 47 வயதைக் கடந்திருந்த நானும் ஒருவன்.

நாடாளுமன்றச் செய்தியாளரின் பணி பெரும்பாலும் அமர்ந்தே செய்வது. அவை நடக்கும்போது மாடத்தில் அமர்வதும், ஒத்திவைக்கப்படும்போது தாழ்வாரத்தில் காத்திருப்பதும், இரவில் செய்தி எழுதி அனுப்புவதுமாக நாள் கழியும். ரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியபோது நடக்கச் சொன்னார் மருத்துவர். நடை ஓட்டமாயிற்று. ஓட்டம் மாரத்தான் ஆசையாயிற்று. இதய மின்வரைபடம், டிரெட்மில் பரிசோதனை ஆகியவற்றைச் செய்துகொண்ட பிறகே அவர் அனுமதி தந்தார். 40 வயதைக் கடந்தவர்கள் பலர் தவிர்த்துவிடும் முதல் படி இதுவே.

கூட்டுவதும் குறைப்பதும்: பயிற்சியை 2023 ஜூலையில் தொடங்கினேன். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம். அவற்றில் மூன்று நாள்கள் சிறிய தொலைவு. ஞாயிறன்று மட்டும் நீண்ட தொலைவு. ஒரு வாரத்தின் மொத்தத் தொலைவை முந்தைய வாரத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டலாகாது என்பது ஓட்டக்காரர்களிடையே வழங்கும் பழைய விதி. நான்காவது வாரத்தில் தொலைவைக் குறைத்துவிட வேண்டும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். ஆனால் தசைநாண்களும் எலும்புகளும் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று ஓடுபவரை முழங்காலும் கணுக்காலும் பழிவாங்குவது இதனால்தான்.

சாணக்கியபுரி நேரு பூங்காவில் ஞாயிறுதோறும் கூடும் ஓட்டக்காரர்களுக்கு வழிகாட்டும் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர், புதிதாக வருவோரிடம் வேகத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. பக்கத்தில் ஓடுபவருடன் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று மட்டும் கேட்பார். முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று பொருள். நடுத்தர வயதினரை மெதுவாக ஓடச் செய்வதே தமக்குப் பெரும்பாடு என்பது அவரது குறை.

அந்த ஆண்டு அக்டோபர் 15-ல் தில்லி அரை மாரத்தான் நடைபெற்றது. ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கிலிருந்து புறப்பட்டு, 21 கி.மீ. ஓட்டத்தைச் சிரமமின்றி முடித்தேன். பாதி வென்றாயிற்று என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணமே முதல் தவறுக்கு வித்திட்டது.

புகையில் ஒரு ஞாயிறு: மும்பை ஓட்டம் ஜனவரியில் நடைபெறுவதால், அதற்கான நீண்ட பயிற்சி ஓட்டங்களை நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் மேற்கொள்ள வேண்டும். தில்லியின் காற்று ஆண்டிலேயே மிக மோசமாக இருக்கும் மாதங்களும் அவையே. அண்டை மாநிலங்களில் பயிர்த்தாள் எரிக்கும் புகை, வாகனப் புகை, கட்டுமானத் தூசி ஆகியவை குளிர்ந்த காற்றில் தரையோடு தேங்கிவிடுகின்றன.

2023 நவம்பர் 3-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 468. இது 400-ஐத் தாண்டினாலே "கடுமையான" நிலை. நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை, குறியீடு 454-ஆக இருந்தது. மாசுத் தடுப்புக்கான படிநிலைத் திட்டத்தின் நான்காவது, அதாவது மிகக் கடுமையான கட்டுப்பாடுகள் அன்றுதான் அமலுக்கு வந்தன.

அன்று காலை நான் 24 கி.மீ. ஓடினேன். அட்டவணையில் அப்படித்தான் இருந்தது. ஒரு ஞாயிறு தவறினால் பயிற்சியே குலைந்துவிடும் என்று அஞ்சினேன். கடமைப் பாதையின் ஒரு முனையிலிருந்து பார்த்தால் இந்தியா கேட் கண்ணுக்குத் தெரியவில்லை. வழக்கமாக எதிர்ப்படும் ஓட்டக்காரர்களில் ஒருவரையும் காணோம். துணியால் வாயைக் கட்டிக்கொண்டு சாலையைப் பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர்கள் மட்டுமே இருந்தனர். அவர்களில் ஒரு பெண்மணி பெருக்குவதை நிறுத்திவிட்டு என்னை வியப்புடன் பார்த்தார். அந்தக் காற்றை அவர் பிழைப்புக்காகச் சுவாசித்தார். நான் விரும்பிச் சென்று சுவாசித்தேன்.

ஓய்வில் இருப்பவர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். ஓடும்போது அது பல மடங்காகிறது. மூக்கின் வடிகட்டலும் இல்லாமல் வாய்வழியே நேராக நுரையீரலுக்குச் செல்கிறது. அன்று மாலையே இருமல் தொடங்கியது. பத்து நாள்களுக்கு ஓட்டம் இல்லை. இதில் வேதனை என்னவென்றால், நவம்பர் 10-ல் பெய்த மழையால் காற்று தெளிந்து, நவம்பர் 12, தீபாவளி ஞாயிறன்று குறியீடு 218-ஆகக் குறைந்தது. எட்டு ஆண்டுகளில் தீபாவளி நாளில் தில்லி கண்ட மிக நல்ல காற்று அது. அந்த ஞாயிறை நான் படுக்கையில் கழித்தேன். ஓடக்கூடாத நாளில் ஓடியவன், ஓடக்கூடிய நாளை இழந்தேன்.

போட்டியும் தேதியும்: இந்தச் சிக்கல் தனிமனிதருடையது மட்டுமன்று. 2017 நவம்பர் 19-ல் தில்லி அரை மாரத்தான் நடைபெறவிருந்தபோது, அதை ஒத்திவைக்க வேண்டும் என்று இந்திய மருத்துவச் சங்கம் கோரியது. விவகாரம் தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது. எனினும் ஓட்டம் குறித்த நாளில் நடைபெற்றது. பலர் முகமூடி அணிந்து ஓடினர். 2018-ல் போட்டி அக்டோபருக்கு மாற்றப்பட்டது. கரோனா பரவிய 2020-ல் மட்டும் நவம்பரில், முன்னணி வீரர்களைக் கொண்டு நடத்தப்பட்டது.

போட்டியின் தேதியை மாற்றலாம். பயிற்சியின் மாதங்களை மாற்ற இயலாது. இருமலுக்குப் பிறகு எனக்கு நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். காலணி அணியும் முன் அருகிலுள்ள கண்காணிப்பு நிலையத்தின் குறியீட்டைப் பார்ப்பது. 300-ஐத் தாண்டினால் வெளியே ஓடுவதில்லை. தில்லிக் குளிர்காலத்தில் காற்று மிகவும் கெட்டிருப்பது பின்னிரவிலும் அதிகாலையிலும்தான். வெயில் ஏறிய பிறகு, பிற்பகலில், ஓரளவு தணியும். காலையில் ஓடுவதே நல்லது என்ற பொதுவான அறிவுரை இங்கு பொருந்துவதில்லை.

ஆனால், பிற்பகலில் நாடாளுமன்றம் இருந்தது. அந்த ஆண்டின் குளிர்காலக் கூட்டத்தொடர் டிசம்பர் 4-ல் தொடங்கியது. டிசம்பர் 13-ல் மக்களவைப் பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் அவைக்குள் குதித்து வண்ணப் புகைக் குப்பிகளைத் திறந்தனர். அதையொட்டி எழுந்த அமளியில், கூட்டத்தொடர் டிசம்பர் 21-ல் முடிவதற்குள் இரு அவைகளிலும் மொத்தம் 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். நள்ளிரவுக்கு முன் வீடு திரும்பிய நாள் அரிது. குடியிருப்பின் உடற்பயிற்சிக் கூடத்தில், சன்னலை மூடிக்கொண்டு, டிரெட்மில் மீது ஓடியதே அந்நாள்களின் பயிற்சி. 32 கி.மீ. வரை ஓடிப் பழகியிருக்க வேண்டும். ஒரு ஞாயிறு பிற்பகலில் ஓடிய 28 கி.மீ.தான் எனது அதிகபட்சம். குறையுள்ள பயிற்சியுடன்தான் மும்பைக்கு ரயிலேறினேன்.

பெட்டர் சாலை: சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தின் முன்பு, விளக்கொளியில், ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றோம். தொடக்கத்தில் எல்லாரும் நம்மை முந்துவர். கால்கள் துள்ளும், கூட்டத்தின் ஆரவாரம் தள்ளும். அப்போது அடங்கி ஓடுவதே கடினமான செயல். மரைன் டிரைவ், பெட்டர் சாலை, ஹாஜி அலி, வொர்லி வழியே பாந்த்ரா-வொர்லி கடல் பாலத்தை அடைகையில் கிழக்கு வெளுத்தது. மற்ற நாள்களில் நடந்து செல்ல அனுமதி இல்லாத பாலம் அது. இருபுறமும் கடல், காலடி ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை.

உடலில் சேமித்துள்ள கிளைகோஜன் என்னும் எரிபொருள், பெரும்பாலானோருக்கு ஏறத்தாழ 30 கி.மீ. வரையே தாங்கும். அதன்பின் திடீரெனச் சோர்வு கவியும். "சுவரில் மோதுவது" என்று இதைக் கூறுவர். வழியெங்கும் மும்பைவாசிகள் வீட்டு வாசலில் நின்று ஆரஞ்சுச் சுளை, வாழைப்பழம், பிஸ்கட், உப்பு ஆகியவற்றை நீட்டினர். சிறு குழந்தைகள் கை தட்டினர். திரும்பும் வழியில், 35 கி.மீ.க்கு மேல் ஓடிய கால்களுடன், மீண்டும் பெட்டர் சாலையின் ஏற்றத்தை எதிர்கொள்ள வேண்டும். அங்கே என் வலது கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டது.

இருவகை எண்ணங்கள் போராடின. ஐந்தரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது நான் வைத்திருந்த இலக்கு. நடந்தால் அது கைநழுவும். நவம்பர் மாதத்து ஞாயிறு நினைவுக்கு வந்தது. நின்றேன். தன்னார்வலர் ஒருவர் தசையை நீவிவிட்டார். ஏற்றம் முழுவதையும் நடந்தே கடந்து, மரைன் டிரைவ் வந்த பின்னரே மீண்டும் ஓடினேன். 5 மணி 48 நிமிடங்களில் இலக்குக் கோட்டைக் கடந்தேன். அன்று வெற்றி பெற்ற எத்தியோப்பிய வீரர் ஹெய்லே லெமி எடுத்துக்கொண்டது 2 மணி 7 நிமிடம் 50 விநாடி.

அன்று மாலை வந்த செய்தி: பதக்கத்துடன் விடுதிக்குத் திரும்பிய மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அன்றைய ஓட்டத்தில் பங்கேற்ற இருவர் வழியில் மயங்கி விழுந்து உயிரிழந்ததாக மாலையில் செய்தி வந்தது. 2020-லும் மும்பை ஓட்டத்தில் ஒருவர் மாரடைப்பால் உயிரிழந்திருக்கிறார்.

இதனால் மாரத்தான் ஆபத்தானது என்று முடிவுகட்டுவது சரியன்று. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை நீண்டதூர ஓட்டங்களில் பங்கேற்ற 1 கோடியே 9 லட்சம் பேர் குறித்த ஆய்வு 2012-ல் வெளியானது. அவர்களில் இதயத் துடிப்பு நின்றது 59 பேருக்கு. உயிரிழந்தவர்கள் 42 பேர். முழு மாரத்தானில் மட்டும் கணக்கிட்டால், இதயத் துடிப்பு நின்றது லட்சத்துக்கு ஏறத்தாழ ஒருவருக்கு. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பலருக்கு இதயக் கோளாறு இருந்திருக்கிறது. பரிசோதனையின்றி ஓடுவதும், உடல் தரும் எச்சரிக்கையைப் புறக்கணிப்பதும்தான் அஞ்ச வேண்டியவை.

நல்லது என்று நினைத்து மிகையாகச் செய்வதும் தீங்கே. 2002-ல் பாஸ்டன் மாரத்தான் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினருக்கு சோடியம் அளவு இயல்பைவிடக் குறைந்திருந்தது. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, ஓடிய பின் எடை கூடியவர்களிடையே இது அதிகமாகக் காணப்பட்டது. தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதே போதும் என்பது இன்றைய அறிவுரை.

நிறுத்தத் தெரிந்தவர்: தொழில்முறை சாராத ஓட்டக்காரர்களுக்கெல்லாம் முன்னோடியாகப் போற்றப்படுபவர் பஞ்சாபைச் சேர்ந்த ஃபௌஜா சிங். கடவுச்சீட்டின்படி 1911-ல் பிறந்த அவர், 2000-ல் 89-வது வயதில் தமது முதல் லண்டன் மாரத்தானை ஓடினார். 2011-ல் டொரண்டோவில், நூறு வயதில், 8 மணி 11 நிமிடங்களில் முழுத் தொலைவையும் முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. 2013-ல் ஹாங்காங்கில் 10 கி.மீ. ஓடியதுடன் போட்டிகளிலிருந்து அவராகவே ஓய்வு பெற்றார். 2025 ஜூலை 14-ல் சொந்த ஊரில் சாலையில் வாகனம் மோதி மறைந்தார். அவரது வயதை நாம் வியக்கிறோம். எப்போது நிறுத்துவது என்பதை அவர் தாமே தீர்மானித்ததும் கவனிக்கத் தக்கது.

மும்பைப் பதக்கம் இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் புகை மூட்டம் திரும்ப வருகிறது. குறியீடு 300-ஐத் தாண்டும் காலைகளில் காலணியைக் கையில் எடுத்துவிட்டு, மீண்டும் அதே இடத்தில் வைத்துவிடுகிறேன். அட்டவணையில் அந்த நாளுக்கு எதிரே "ஓட்டம் இல்லை" என்று எழுதுகிறேன். கடமைப் பாதையைப் பெருக்கும் அந்தப் பெண்மணிக்கு அப்படி எழுதிவைக்க ஓர் அட்டவணை இல்லை. ஓடுபவர்கள் விலகிக்கொள்ளலாம், காற்றைத் தூய்மையாக்கும் பொறுப்பிலிருந்து தலைநகர் விலகிக்கொள்ள முடியாது.