டோர் மென்பொருளும் லினக்சுக் கோப்பு அனுமதிகளும்

டோர் என்பது இணையப் பயனரின் இருப்பிடத்தையும் அடையாளத்தையும் மறைக்க உதவும் கட்டற்ற மென்பொருள் ஆகும். லினக்சு இயங்குதளத்தில் இதனை அமைப்போர் எதிர்கொள்ளும் தடைகளில் பல கோப்பு அனுமதி தொடர்பானவை. இவற்றை மென்பொருளின் வழு எனக் கருதுவது தவறு. பிறர் படிக்கக்கூடிய இடத்தில் தன் மறைத் திறவுகோலை வைக்க டோர் வேண்டுமென்றே மறுக்கிறது.

பின்னணி

டோரின் அடிப்படையான வெங்காய வழிச்செலுத்தல் 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் உருவானது. டோரின் முதல் சோதனைப் பதிப்பு 2002இல் வெளிவந்தது. பயனரின் தரவு பொதுவாக மூன்று கணுக்கள் வழியே செல்லும். எந்த ஒரு கணுவும் முழுப் பாதையையும் அறியாது.

தமிழகத்தில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே, டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்சு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அறிமுகமாயிற்று. இராசபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற ஊர்களின் மாணவர்களும் இவர்களுள் அடங்குவர். சொந்த மடிக்கணினியைப் பெரும்பாலும் ஒருவரே பயன்படுத்துவதால் தளர்வான அனுமதியின் தீங்கு உடனே தெரிவதில்லை. இவ்வூர்களைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களைப் போல ஒரே கணினியில் பலர் நுழையும் இடங்களில் நிலைமை வேறு.

அனுமதி அமைப்பு

லினக்சில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, பிறர் என மூன்று நிலைகளில் அனுமதி வரையறுக்கப்படுகிறது. படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்பன மதிப்புகள். எனவே 700 என்றால் உரிமையாளருக்கு மட்டுமே முழு அனுமதி. 755 என்றால் பிறரும் படிக்கலாம். 777 என்றால் எவரும் எதையும் செய்யலாம்.

டெபியன், உபுண்டு வழங்கல்களில் டோர் சேவை 'டெபியன்-டோர்' என்னும் தனிக் கணக்கில் இயங்குகிறது. மென்பொருளை ஒருவர் ஊடுருவினாலும் அக்கணக்கின் எல்லைக்குள்ளேயே அவர் அடைபடுவார் என்பதே இதன் நோக்கம். அதன் தரவு அடைவு '/வார்/லிப்/டோர்' ஆகும்.

பொதுவான சிக்கல்

வெங்காயத் தளம் ஒன்றை அமைக்க விரும்புபவர் 'சூடோ' கட்டளையால் அதற்கான அடைவை உருவாக்குவது வழக்கம். அவ்வாறு செய்தால் அதன் உரிமையாளர் 'ரூட்' ஆகிவிடும். அனுமதியும் பெரும்பாலும் 755 என அமையும். டோர் தொடங்க மறுத்து, அடைவு தனக்கு உரியதன்று என்றோ அனுமதி மிகத் தளர்வானது என்றோ பதிவேட்டில் எழுதும். பலர் உடனே 777 கொடுத்துப் பார்க்கின்றனர். அது பயன் தராததோடு பாதுகாப்பையும் குலைக்கும். அந்த அடைவில் தளத்தின் மறைத் திறவுகோல் உள்ளது. 56 எழுத்துகள் கொண்ட தள முகவரி அத்திறவுகோலின் இணையிலிருந்தே பெறப்படுவதால், அதைப் படியெடுப்பவர் எவரும் அதே முகவரியில் போலித் தளம் நடத்த முடியும்.

'சிஎச்ஓன்' கட்டளையால் உரிமையாளரையும் குழுவையும் 'டெபியன்-டோர்' என மாற்றி, 'சிஎச்மோட்' கட்டளையால் 700 என அமைப்பதே சரியான தீர்வு. அடைவைக் கையால் உருவாக்காமல் டோரிடமே விட்டுவிட்டால் இச்சிக்கல் எழுவதே இல்லை.

உரிமையும் எண்ணும் சரியாக இருந்தும் சில வேளை தடை நீடிக்கும். டெபியனில் 'ஆப்ஆர்மர்' என்னும் காவல் அமைப்பும் 'சிஸ்டம்டி' சேவைக் கோப்பும் டோரைக் குறிப்பிட்ட அடைவுகளுக்குள் கட்டுப்படுத்துகின்றன. பயனரின் இல்ல அடைவு அச்சேவையின் கண்ணுக்கே தெரியாது. அடைவை '/வார்/லிப்/டோர்' உள்ளே வைப்பது எளிய வழி.

பிழையைக் கண்டறிதல்

டெபியனில் 'டோர்' என்னும் சேவை வெறும் முகப்பு மட்டுமே. உண்மையான நிரல் தொடங்காத போதும் அது செயலில் உள்ளதாகவே காட்டும். ஆகவே 'டோர்@டிஃபால்ட்' சேவையின் பதிவேட்டையே 'ஜர்னல்சிடிஎல்' கொண்டு பார்க்கவேண்டும். அமைப்புக் கோப்பைச் சோதிக்கும் போதும் 'டெபியன்-டோர்' பயனராகவே சோதிக்கவேண்டும். 'ரூட்' ஆகச் சோதித்தால் இல்லாத உரிமைப் பிழைகள் தோன்றும்.

டோர் உலாவி

உலாவிக்கு மேலே கூறிய சேவை தேவையில்லை. அது தனக்கென ஒரு டோர் நிரலைக் கொண்டுள்ளது. அதன் பொதியைச் 'சூடோ' கொண்டு விரித்தால் கோப்புகள் 'ரூட்' வசம் சென்று, சாதாரணப் பயனர் திறக்கும் போது உலாவி நின்றுவிடக்கூடும். அடைவு முழுவதையும் பயனரின் பெயருக்கு மாற்றினால் போதும். அதனை 'ரூட்' ஆக இயக்க முயன்றாலோ, தொடக்க நிரலே மறுத்து வெளியேறிவிடும்.